ஐம்பதரைக் கிலோ

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவனியாபுரத்திலிருந்து ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மதுரை, சிவகங்கை வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களை ஒட்டி நடக்கும் குதிரை வண்டிப் பந்தயங்களில் சின்னக் குதிரைப் பிரிவில் வண்டி ஓட்டுபவர் அவர். மகன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். "டீச்சர், இவன் முப்பத்தெட்டுக் கிலோதான் இருக்கான். இவன் வண்டியில ஏறுனா குதிர தனியாப் பறக்குது. ரேஸ் ஜாக்கியா ஆக்கிவிடலாம்னு பாக்குறேன். உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க" என்றார். அண்ணன் வெளியே சென்றிருந்தார். அவர் வரும் வரை எனக்குத் தெரிந்ததை நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல, சொல்லாமல் விட்டதே அதிகம் என்று தோன்றியது. அன்று விட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

என் அண்ணன் இருபது ஆண்டுகளுக்கு மேல் பந்தயக் குதிரைகளோடு வாழ்ந்தவர். 1994இல் பதினைந்து வயதில் சென்னை கிண்டி ரேஸ் கோர்ஸுக்குப் போனார். 2016இல் ஜாக்கி உரிமத்தைப் புதுப்பிக்காமல் மதுரைக்குத் திரும்பினார். பெயர் பெற்ற ஜாக்கி என்று சொல்ல முடியாது. இந்தியாவின் புகழ்பெற்ற ஜாக்கி பேசி ஷ்ராஃப் 1,751 பந்தயங்களை வென்று, அவற்றில் கிளாசிக் எனப்படும் முதன்மைப் பந்தயங்கள் 106 அடங்க, 2004இல் ஓய்வு பெற்றார்; அந்த உயரத்தை எண்ணிப் பார்க்கக்கூட முடியாத இடத்தில், பந்தய அட்டையின் கீழ்ப்பகுதியில், குறைந்த எடை சுமக்கும் குதிரைகளின் மேல் என் அண்ணனின் பெயர் இருக்கும். ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அவரைப் போன்றவர்கள்தாம். மகனை அனுப்ப நினைக்கும் தகப்பன் தெரிந்துகொள்ள வேண்டியது அவர்களுடைய வாழ்க்கையைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் அப்பா மதுரை ரயில் நிலையத்தில் குதிரை வண்டி ஓட்டியவர். தெற்குவாசலில் எங்கள் வீட்டை ஒட்டியே லாயம் இருந்தது. கொள்ளு வேகும் வாசனையில்தான் நாங்கள் இருவரும் வளர்ந்தோம். மாணிக்கவாசகருக்காக நரிகள் பரிகளான ஊர் இது. ஆண்டுதோறும் சித்திரையில் அழகர் தங்கக் குதிரையேறி வந்து வைகையில் இறங்கும் ஊர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டிலிருந்து ஆண்டுதோறும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் இங்கே இறங்கியதையும், வளர்க்கும் முறை தெரியாததால் அவற்றில் பெரும்பாலானவை விரைவில் மடிந்ததையும், அவற்றுக்கு இறைச்சி கலந்த சோறு போட்டதையும் எழுதியிருக்கிறார். கல்லூரியில் படிக்கும்போது அந்தப் பகுதியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "குதிரைக்குக் கறிச்சோறா? எந்தப் பாவி போட்டான்?" என்று, எழுநூறு ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன குதிரைகளுக்காக அவர் அன்று முழுவதும் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

ஆட்டோக்கள் பெருகிக் குதிரை வண்டிகள் குறைந்த நாளில், அப்பாவுக்குத் தெரிந்த லாடக்காரர் ஒருவர்தான் அண்ணனைக் கிண்டிக்கு அனுப்பச் சொன்னார். மதுரையில் ரேஸ் கோர்ஸ் என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ரேஸ் கோர்ஸ் சாலையில் இன்று இருப்பது எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம். குதிரை ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் அந்நாளில் சென்னைக்கோ, கோடையில் ஊட்டிக்கோ, பெங்களூருக்கோ மைசூருக்கோதான் போக வேண்டியிருந்தது.

போன உடனே ஜாக்கி ஆகிவிட முடியாது. ஒரு ட்ரெய்னரின் கீழ் ரைடிங் பாயாகச் சேர்ந்தார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, லாயம் கூட்டி, குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ்களுக்குக் கைகொடுத்து, வெளிச்சம் வருவதற்குள் ட்ராக்கில் இருக்க வேண்டும். ஒரு காலையில் ஐந்தாறு குதிரைகளை மாற்றி மாற்றி ஏறி ஓட்டம் கொடுக்க வேண்டும். அப்பாவின் வண்டிக் குதிரையோடு பழகியவருக்குத் தரோபிரெட் என்னும் பந்தய இனக் குதிரை முதலில் அச்சத்தையே கொடுத்தது. ஏறக்குறைய ஐந்நூறு கிலோ எடை. மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகம். பறவை ஒன்று சடாரென்று பறந்தால் பக்கவாட்டில் பாய்ந்துவிடும் மிரட்சி. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வேகம் ஒன்றுக்காகவே பொறுக்கி இனம் சேர்க்கப்பட்ட உயிர் அது. அதன் முதுகில் நான்கு ஆண்டுகள் காலைப் பயிற்சி ஓட்டிய பிறகே, 1998இல் அப்ரண்டிஸ் ஜாக்கியாக, அதாவது பயிற்சி நிலை ஜாக்கியாக, அண்ணனுக்கு முதல் பந்தயம் கிடைத்தது.

அப்ரண்டிஸுக்கு ஒரு சலுகை உண்டு. அவன் ஏறும் குதிரை, விதித்த எடையில் சில கிலோ குறைத்துச் சுமந்தால் போதும். அனுபவமில்லாத கைக்கு ஈடாகக் கொடுக்கும் சலுகை அது. அதற்காகவே ட்ரெய்னர்கள் அப்ரண்டிஸைத் தேடி வருவார்கள். வெற்றிகள் கூடக்கூட அந்தச் சலுகை படிப்படியாகக் குறைந்து, ஒரு கட்டத்தில் முற்றிலும் போய்விடும். அதுவரை தேடி வந்தவர்களில் பலர் அன்றோடு அடுத்த பையனைத் தேடிப் போய்விடுவார்கள். வெற்றி பெறுவதாலேயே வேலை குறையும் அந்தப் படியில் கால் இடறி நின்றுபோன இளைஞர்கள் பலரை அண்ணன் எனக்குப் பெயர் சொல்லிக் காட்டியிருக்கிறார். அவரும் அந்த ஆண்டில் மிகவும் சோர்ந்துபோனார்.

இனி எடையைப் பற்றி எழுத வேண்டும். இந்தத் தொழில் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

பெரும்பாலான பந்தயங்களில் எல்லாக் குதிரைகளும் ஒரே எடையைச் சுமப்பதில்லை. நன்றாக ஓடும் குதிரைக்கு அதிக எடையும், தேறாத குதிரைக்குக் குறைந்த எடையும் விதித்து, எல்லாவற்றையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்த முயல்வார்கள். ஒரு குதிரைக்கு அறுபது கிலோ, இன்னொன்றுக்கு ஐம்பது கிலோ என்று இருக்கும். ஜாக்கியின் உடலும் சேணமும் சேர்ந்த எடை அது. குறைந்தால் ஈயத் தகடுகளைச் சேணத்தின் கீழே பையில் செருகிச் சரிசெய்யலாம். கூடினால் செய்வதற்கு ஒன்றுமில்லை, ரைடு வேறொருவருக்குப் போய்விடும். நல்ல குதிரைகள் பெரிய ஜாக்கிகளுக்குப் போய்விடுவதால், அண்ணனைப் போன்றவர்களுக்கு மிஞ்சியவை குறைந்த எடைக் குதிரைகள். எனவே எவன் குறைவாகச் சம்பாதிக்கிறானோ அவனே அதிகமாகப் பட்டினி கிடக்க வேண்டும்.

2003இல் நான் சென்னையில் பி.எட். படித்தபோது, வேளச்சேரியில் அண்ணனின் ஒற்றை அறை வீட்டில் தங்கியிருந்தேன். அவருடைய இயல்பான எடை ஐம்பத்து நான்கு கிலோ. ஒரு சனிக்கிழமை மாலை அவர் ஐம்பத்திரண்டில் இருந்தார். மறுநாள் பந்தயத்துக்குச் சேணத்தோடு ஐம்பதரைக் கிலோ காட்ட வேண்டும். அறையின் மூலையில் எடை பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. அதை எப்போதும் சன்னலிலிருந்து மூன்றாவது தரைக்கல்லின் மேல்தான் வைப்பார். அந்தக் கல்லைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் கோடு போட்டிருந்தார். பக்கத்துக் கல் சற்றே சாய்ந்திருந்ததால், அதில் வைத்தால் இருநூறு கிராம் குறைத்துக் காட்டும். அந்த இருநூறு கிராமை நம்பி ஒருமுறை ஏமாந்திருக்கிறார்.

அன்று காலை ஒரு அவித்த முட்டையின் வெள்ளைக்கருவும் பால் இல்லாத காப்பியும் மட்டும் சாப்பிட்டிருந்தார். மாலையில் இரண்டு ஸ்வெட்டர்களுக்கு மேல் மழைக்கோட்டைப் போட்டு, கழுத்தையும் மணிக்கட்டையும் கயிற்றால் கட்டிக்கொண்டு, சென்னை வெயிலின் புழுக்கம் தணியாத தெருவில் ஒரு மணி நேரம் ஓடினார். வந்து மழைக்கோட்டைக் கழற்றியபோது அதற்குள்ளிருந்து தண்ணீர் தரையில் கொட்டியது. எடை பார்த்தார். கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு, வெந்நீரில் கல்லுப்பைக் கரைத்து அதில் உட்கார்ந்தார். மீண்டும் எடை பார்த்தார். இரவு பதினொரு மணிக்கு நா வறண்டு பேச முடியாமல், பனிக்கட்டி ஒன்றை எடுத்து உதட்டில் தேய்த்தார், வாயில் போடவில்லை. வாய் கொப்பளித்த தண்ணீரை ஒரு டம்ளரில் துப்பி, கொப்பளிக்க எடுத்த அளவு அதில் இருக்கிறதா என்று விளக்கின் முன் தூக்கிப் பார்த்தார். தொண்டைக்குள் ஒரு மடக்கு இறங்கிவிட்டதோ என்ற பயம் அது. நான் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் மறைத்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் அவர் சரியாக ஐம்பதரை காட்டினார். குதிரை நான்காவதாக வந்தது.

ஊட்டியில் இது இன்னும் கொடுமையானது என்பார். அப்போது ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை அங்கே பந்தயம் நடந்தது. இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்துக் குளிரில் எவ்வளவு ஓடினாலும் உடம்பு வியர்க்காது. வெந்நீரும் பட்டினியும்தான் வழி. அம்மா ஒருமுறை மதுரையிலிருந்து கறிக்குழம்பும் பருத்திப்பாலும் எடுத்துக்கொண்டு பேருந்தில் ஊட்டிக்குப் போனார். பருத்திப்பால் வழியிலேயே திரிந்துவிட்டது. குழம்பை அண்ணன் முகர்ந்து பார்த்துவிட்டு, உடன் தங்கியிருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார். அம்மா அதன்பின் அவர் ஓடும் ஊர்களுக்குப் போகவே இல்லை.

இது நம் ஊர் ஏழைப் பையன்களுக்கு மட்டும் நேர்வதன்று. இங்கிலாந்தில் ஃபிரெட் ஆர்ச்சர் பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து முதல் ஜாக்கியாக இருந்தவர், உயரமானவர், எடையைக் குறைக்கக் கடுமையாகப் பட்டினி கிடந்தவர். மனைவியை இழந்த துயரும், எடைக் குறைப்பால் நலிந்த உடலில் வந்த காய்ச்சலும் சேர, 1886இல் இருபத்தொன்பது வயதில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இங்கிலாந்தின் பெரும் பந்தயமான டெர்பியை ஒன்பது முறை வென்ற லெஸ்டர் பிகட்டும் ஜாக்கிக்கு மிஞ்சிய உயரத்தோடு வாழ்நாள் முழுவதும் வயிற்றோடு போராடியவர்தான். இந்த இருவரைப் பற்றியும் அண்ணன் நன்றாக அறிவார். கிண்டியில் மூத்த ஜாக்கிகள் இளையவர்களுக்குச் சொல்லும் கதைகள் அவை.

இவ்வளவு பாடும் ஒரு நிமிடத்துக்கும் சற்று அதிகமான நேரத்துக்காக. ஆயிரத்து இருநூறு மீட்டர் பந்தயம் ஒன்றே கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் குதிரை ஓடுகிறது, மேலிருப்பவர் சவுக்கை வீசுகிறார், அவ்வளவுதான். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்தேன்.

ஜாக்கி சேணத்தில் உட்காருவதே இல்லை. அங்கவடிகளைக் குட்டையாகக் கட்டி, பெருவிரல் மேட்டில் நின்று, முழங்கால்களை மடக்கி, முதுகைத் தரைக்கு இணையாக வைத்துக் குதிரையின் கழுத்துக்கு மேலே தொங்குகிறார். இந்த முறையை இங்கிலாந்தில் பரப்பியவர் டாட் ஸ்லோன் என்ற அமெரிக்க ஜாக்கி. 1897இல் அவர் வந்து இறங்கியபோது குரங்கு என்று கேலி செய்தார்களாம். சில ஆண்டுகளில் எல்லோரும் அப்படியே ஓட்டத் தொடங்கினார்கள். 2009இல் சயின்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று அதன் காரணத்தை விளக்கியது. குதிரையின் முதுகு ஒவ்வொரு பாய்ச்சலிலும் மேலும் கீழும் முன்னும் பின்னும் அசையும்போது, ஜாக்கி தம் கால்களால் அந்த அசைவை வாங்கிக்கொண்டு தம் உடலை ஏறக்குறைய ஒரே சீரில் நகர்த்துகிறார். அதனால் குதிரை அவருடைய எடையைச் சுமந்தாலும், ஒவ்வொரு பாய்ச்சலிலும் அதை இழுத்துத் தள்ளி முடுக்க வேண்டியதில்லை. இந்த நிலை பரவிய காலத்தில் பந்தய நேரங்கள் 5 முதல் 7 விழுக்காடு வரை குறைந்தன. அந்த உழைப்பு ஜாக்கியின் தொடைக்கும் முதுகுக்கும் போகிறது. முந்தின இரவு பச்சைத் தண்ணீர் குடிக்காத தொடையும் முதுகும் அவை.

பிறகு கைகள். அப்பா வண்டியில் எங்களை முன்னால் உட்கார வைத்து வாரைக் கொடுக்கும்போது, "வாரப் பிடிக்காத, வாயப் பிடி" என்பார். வாரின் மறுமுனையில் இருக்கும் குதிரையின் வாய் என்ன சொல்கிறது என்று விரலில் உணர வேண்டும் என்பதே அதன் பொருள். ஓடத் துடிக்கும் குதிரையை முரட்டுத்தனமாக இழுத்தால் அது இன்னும் எதிர்த்து இழுக்கும்; தலையைத் தூக்கும்; மூச்சை வீணாக்கும். நாலுகால் பாய்ச்சலில் குதிரை ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுதான் விடும். அந்த மூச்சின் ஓசையைக் கேட்டே அதனிடம் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அண்ணன் சொல்லுவார். எந்தக் குதிரையும் முழு வேகத்தை நெடுந்தூரம் தாங்காது. ஐந்நூறு, அறுநூறு மீட்டருக்கு மேல் அதை இழுத்தால் இலக்குக்கு முன்பே கால் தளர்ந்துவிடும். எனவே எங்கே அடக்குவது, எங்கே விடுவது என்பதுதான் ஜாக்கியின் அறிவு. இருநூறு மீட்டரைப் பன்னிரண்டு விநாடியில் கடக்கிறோமா, பதின்மூன்றில் கடக்கிறோமா என்று கடிகாரம் இல்லாமல் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்றும் அண்ணன் அம்மாவுக்கு மருந்து கொதிக்க வைக்கும்போது அடுப்பைப் பார்க்காமல் நிமிடம் சொல்லுவார், சரியாக இருக்கும்.

உடுப்புகூட அவருடையதன்று. குதிரையின் உரிமையாளருக்கென்று பதிவு செய்த வண்ணங்கள் உண்டு. ஒரே நாளில் ஐந்து பந்தயம் என்றால் ஐந்து பேருடைய வண்ணத்தை மாற்றி மாற்றி அணிய வேண்டும். ஆற்றில் இறங்கும் அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று நாம் கூட்டத்தில் எக்கி எக்கிப் பார்ப்பதைப் போல, கேலரியில் இருப்பவர்கள் வளைவு திரும்பும் வண்ணத்தைத்தான் பார்க்கிறார்கள். பந்தயம் முடிந்ததும் ஜாக்கி தாமே சேணத்தை இறக்கி எடுத்துக்கொண்டு நேராகத் தராசுக்குப் போக வேண்டும். போன எடையும் வந்த எடையும் ஒத்திருந்தால்தான் முடிவு நிற்கும். வெற்றி பெற்ற நாளிலும் மகிழ்ச்சிக்கு முன் தராசுதான்.

வருமானத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏறும் ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒரு கட்டணம் உண்டு. வென்றால் பரிசுத் தொகையில் ஒரு சிறு பங்கு உண்டு. ஏறாத நாளுக்கு ஒன்றும் இல்லை. நடுத்தர ஜாக்கிக்கு ஒரு மாதம் மாமன் வீட்டுச் சீர் செய்யும் அளவுக்கு வரும். அடுத்த மாதம் வாடகைக்குத் தேட வேண்டியிருக்கும்.

2011இல் அண்ணன் விழுந்தார். வளைவில் முன்னால் ஓடிய குதிரையின் பின்னங்காலில் இவருடைய குதிரையின் முன்னங்கால் தட்டியது. எல்லாப் பந்தயங்களிலும் குதிரைகளின் பின்னாலேயே ஆம்புலன்ஸ் ஒன்று ஓடி வரும். ஆட்கள் விழுவதை எதிர்பார்த்தே நடத்தப்படும் விளையாட்டு இது. அவருக்குக் காறை எலும்பு முறிந்தது. நினைவு வந்ததும் குதிரையைத்தான் கேட்டிருக்கிறார். அதன் முன்னங்கால் உடைந்துவிட்டதால் அங்கேயே ஊசி போட்டு உயிரை முடித்துவிட்டார்கள். மனிதனைப் போலக் குதிரையைப் படுக்கையில் கிடத்தி எலும்பு சேரும் வரை வைத்திருக்க முடியாது. அவ்வளவு எடையும் மற்ற மூன்று கால்களில் இறங்க, அந்தக் குளம்புகளும் உள்ளே வீங்கி அழுகத் தொடங்கும். காரணம் தெரிந்திருந்தும் அண்ணனால் அந்தக் குதிரையின் பெயரை இன்றும் நிதானமாகச் சொல்ல முடியவில்லை. மூன்று வயதுப் பெண்குதிரை; காலையில் அவர் கையிலிருந்து கேரட்டை வாங்கித் தின்றது.

சென்னையில் ஒரு மருத்துவமனையில் எலும்பைக் கோணலாகச் சேர்த்துவிட்டார்கள். மதுரையில் மறுபடியும் அறுத்துத் தகடு வைக்க வேண்டியதாயிற்று. ஏழு மாதங்கள் வீட்டில் இருந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் எவருடைய லாயத்துக்குக் காலைப் பயிற்சி ஓட்டினாரோ, அந்த ட்ரெய்னர் ஒருமுறைகூடத் தொலைபேசியில் அழைக்கவில்லை. திரும்பிப் போனபோது அவர் இடத்தில் எடைச் சலுகை உள்ள ஓர் இளைஞன் இருந்தான். அதன்பின் ஐந்து ஆண்டுகள் அண்ணன் ஓட்டினார் என்றாலும், பெரும்பாலும் யாரும் ஏற விரும்பாத குதிரைகளைத்தான் ஓட்டினார். எனக்கு அந்த மனிதர் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. அண்ணனுக்குத் தீர்ந்துவிட்டது.

எங்கள் குடும்பத்தை உடலின் வலியை விட அதிகமாக வருத்தியது வேறொன்று. அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போன மூன்று வீடுகளில், "ரேஸ்காரன், சூதாட்டக்காரன்" என்று சொல்லிக் கதவடைத்தார்கள். குதிரைப் பந்தயத்தில் சொத்தைத் தொலைத்தவர்களின் கதைகள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் உண்டு, அந்தக் கண்ணீர் உண்மையானது, நான் மறுக்கவில்லை. ஆனால் ஜாக்கி பந்தயம் கட்டக் கூடாது. கட்டினால் உரிமம் பறிபோகும். பந்தய நாளில் ஜாக்கிகள் அறையிலிருந்து வெளியாட்களோடு தொடர்பு கொள்ளவும் முடியாது. குதிரையை முழு முயற்சியோடு ஓட்டவில்லை என்று பந்தயத்தைக் கண்காணிக்கும் ஸ்டூவர்டுகளுக்கு ஐயம் வந்தால் படத்தைப் போட்டுக் காட்டி விசாரிப்பார்கள்; தடை விதிப்பார்கள். எவனுடைய வாழ்க்கையில் சூதுக்கு இடமே இல்லையோ, அவனுக்கே சூதாட்டக்காரன் என்ற பெயர் கிடைக்கிறது.

தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் சட்டம் இயற்றப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996இல் குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பானது. குதிரையின் வளர்ப்பு, பயிற்சி ஆகியவற்றோடு ஜாக்கியின் திறமையும் அந்தத் தீர்ப்பில் பேசப்படுகிறது. அண்ணன் கிண்டியில் ரைடிங் பாயாக இருந்த காலம் அது. செய்தித்தாளில் அந்தப் பத்தியைக் கத்தரித்து அப்பா தம் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருந்தார். அப்பா இறந்த பிறகு அந்தப் பெட்டி என்னிடம் இருக்கிறது. 2024இல் ஜூன் மாதம் ஊட்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தைக் குத்தகைப் பாக்கிக்காக அரசு கையகப்படுத்தியது; செப்டம்பரில் கிண்டி மைதானத்தையும் எடுத்துக்கொள்ள முனைய, வழக்கு நீதிமன்றம் போனது. நிலம் யாருக்குரியது என்று சொல்ல நான் தகுதியுடையவள் அல்ல. அந்த வாரம் தொலைக்காட்சியில் ஏக்கர் கணக்கும் கோடிக் கணக்கும் வந்தன. லாயத்தில் வேலை செய்யும் சைஸ்களையும் ரைடிங் பாய்களையும் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அண்ணன் பழைய நண்பர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

அவனியாபுரத்துக்காரருக்கு இவற்றில் பாதியைத்தான் சொல்லியிருப்பேன். அதற்குள் அண்ணன் வந்துவிட்டார். விவரம் கேட்டதும் பையனை எடைக் கருவியில் ஏற்றவில்லை. "தம்பி, செருப்பக் கழட்டு" என்றார். பாதத்தைத் தம் பாதத்தோடு வைத்துப் பார்த்தார். பதினான்கு வயதுப் பையனின் பாதம் அவருடையதை விட இரண்டு விரற்கடை நீளமாக இருந்தது. பிறகு அவன் அப்பாவை நிமிர்ந்து பார்த்தார்; அவர் ஆறடிக்குச் சற்றே குறைவு. "அண்ணே, பையன் இன்னும் ரெண்டு வருஷத்துல உங்க தோளுக்கு மேல வந்துருவான். அறுபத்தஞ்சு கிலோவுல நிப்பான். ஜாக்கி வேல இவன் உடம்புக்கு ஆகாது" என்று மெதுவாகச் சொன்னார். கால்நடை மருத்துவம் படிக்கலாம், லாடம் அடிக்கப் பழகலாம், ட்ரெய்னரிடம் உதவியாளராகச் சேரலாம், குதிரையோடு வாழப் பல வழிகள் உண்டு என்றும் சொன்னார்.

பையன் முகம் வாடிவிட்டது. சற்று நேரம் கழித்து, "சாப்பாட்டக் குறச்சா வளராம இருக்கலாமா, மாமா?" என்று கேட்டான்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. எழுந்து சமையலறைக்கு வந்து, "இலையப் போடு, எல்லாரும் சாப்புடலாம்" என்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை, அம்மா கறி எடுத்திருந்தார். பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவன் இலையில் சோறு குறையும்போதெல்லாம் தாமே போட்டார். தாமும் அவனோடு ஈடுகொடுத்துச் சாப்பிட்டார். அண்ணன் மறுசோறு வாங்கியதை அம்மா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்ட பிறகு, திண்ணைச் சன்னல் கம்பிக்குள் எங்கள் அப்பாவின் பழைய வாரை நுழைத்து, இரு முனைகளையும் பையன் கையில் கொடுத்துவிட்டு, உள்பக்கம் நின்று மடிப்பைத் தம் கைகளில் பிடித்துக்கொண்டார். குதிரையின் வாய் அவர்தான். கண்களை மூடிக்கொண்டு, "வலது கை கனமா இருக்கு. சுண்டு விரலத் தளத்து. இன்னும். இப்ப இழுக்காத, நான் வர்ற வரைக்கும் இரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வெயில் திண்ணையிலிருந்து தெருவுக்கு இறங்கும் வரை இருவரும் அப்படியே நின்றார்கள். பையனுடைய அப்பாவின் வண்டிக் குதிரைக்கு வாய் புண்ணாகாமல் இருக்க அதுவாவது பயன்படும் என்று அண்ணன் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பையன் வந்தான்.